டி டிரைவ் காப்பாற்றாது

“சி-யை மட்டும்தான் ஃபார்மட் அடிச்சிருக்கேன் சார், டி டிரைவ்ல கையே வைக்கலை.” கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இதைக் கேட்டு நிம்மதியாக வீடு திரும்பியவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். மகளின் கல்யாண ஆல்பம், அப்பாவின் பென்ஷன் ஆணை, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் எல்லாம் ‘டி’யில் பத்திரமாக இருக்கின்றன என்பது பல குடும்பங்களின் நம்பிக்கை. ஆனால், பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் சியும் டியும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே சாகும்.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் தருவதை 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அன்றைக்கு எந்தக் கணினியும் அணைந்துவிடவில்லை. மறுநாள் காலையிலும் அதே வால்பேப்பர், அதே ஐகான்கள். அதனால்தான் பலருக்கு அவசரம் தெரியவில்லை. விண்டோஸ் 11-க்கு மாறலாமா, கிடப்பது கிடக்கட்டும் என்று விட்டுவிடலாமா என்ற பேச்சு குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இன்னும் ஓடுகிறது. ‘மாறினால் ஃபைல் போயிடுமாம்’ என்கிறது ஒரு கட்சி. ‘மாறாவிட்டால் வைரஸ் வருமாம்’ என்கிறது இன்னொரு கட்சி.

இரண்டு கட்சிக்கும் சாட்சி இருக்கிறது. ஏறத்தாழ ஓராண்டு ஐந்து மாத இடைவெளியில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பார்த்தாலே போதும்.

முதலாவது, 2017 மே 12-ஆம் தேதி வெடித்த வான்னாக்ரை. கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் பிட்காயினாகக் கேட்ட இந்தத் தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் பரவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலை. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14-ஆம் தேதி வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள் என்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் கணக்கிட்டது. விண்டோஸ் 7-க்கு அப்போது அப்டேட் வந்துகொண்டுதான் இருந்தது. வந்ததைப் போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள்.

இரண்டாவது கதை நேர் எதிர். 2018 அக்டோபர் 2-ஆம் தேதி விண்டோஸ் 10-இன் 1809 என்ற பெரிய அப்டேட் வெளிவந்தது. ஆசையாக முதல் நாளே போட்டவர்களில் சிலர், கணினி திரும்ப எழுந்ததும் திகைத்தார்கள். டாக்குமெண்ட்ஸ் காலி, பிக்சர்ஸ் காலி. ரீசைக்கிள் பின்னில் தேடினால் அங்கும் இல்லை. நான்கே நாளில் மைக்ரோசாஃப்ட் அப்டேட்டை நிறுத்திவைத்தது. பாதிப்பு பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தான் என்று விளக்கமும் அளித்தது. அந்த ஒருவருக்கு இந்தக் கணக்கால் என்ன ஆறுதல்?

நடந்தது என்ன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விண்டோஸில் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களின் இருப்பிடத்தைப் பயனரே மாற்றிக்கொள்ளலாம். சி நிறைந்துவிட்டது என்றோ, ஃபார்மட் அடித்தாலும் பிழைக்கட்டும் என்றோ பலர் அவற்றை டி-க்கு மாற்றுவார்கள். மாற்றும்போது, ‘பழைய இடத்தில் உள்ள கோப்புகளையும் எடுத்துச் செல்லவா’ என்று விண்டோஸ் கேட்கும். வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு, புதிய கோப்புகள் டி-யில் சேரும். பழையவை சி-யிலேயே தங்கும். அதற்கு முந்தைய ஏப்ரல் அப்டேட்டுக்குப் பிறகு, ஒரே பெயரில் காலியான ஃபோல்டர் ஒன்று கூடுதலாகக் கிடக்கிறது என்று பயனர்கள் புகார் செய்தார்கள். அந்தக் காலி ஃபோல்டரை நீக்கத்தான் அக்டோபர் அப்டேட்டில் ஒரு நிரலைச் சேர்த்தார்கள். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்க்காமலே அது பெருக்கித் தள்ளியது. ஒன்டிரைவுக்கு ஃபோல்டர்களைத் திருப்பிவிட்டிருந்த சிலருக்கும் இதே கதி.

ஆக, அன்று அடிபட்டவர்கள் எல்லாரும் எதையும் கண்டுகொள்ளாத சோம்பேறிகள் இல்லை. கோப்புகளைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று நினைத்து டி-க்கு மாற்றிய ஜாக்கிரதைக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். சோதனைப் பதிப்பைப் பயன்படுத்திய சிலர், கோப்புகள் காணாமல் போவதாக முன்கூட்டியே புகார் பதிந்திருந்தார்கள் என்பதும் பிறகு வெளியே வந்தது. ஆயிரக்கணக்கான புகார்களுக்கு நடுவே அது யார் கண்ணிலும் படவில்லை. பிழை திருத்திய அப்டேட் நவம்பர் 13-ஆம் தேதிதான் மீண்டும் வந்தது.

2017-இல் அப்டேட் போடாதவர்களுக்கு இழப்பு. 2018-இல் போட்டவர்களுக்கு இழப்பு. இரண்டிலும் அடிபட்டும் எளிதாக மீண்டவர்களுக்குப் பொதுவான அம்சம், அவர்களுடைய கோப்புகளின் இன்னொரு பிரதி கணினிக்கு வெளியே இருந்தது. மாறுவதா வேண்டாமா என்ற வாதம் இரண்டாவதாக வர வேண்டிய வாதம். அப்டேட் இல்லாத இயங்குதளத்தை இணையத்தில் விட்டுவைப்பது தவறு, மாறத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய நாள் வேலை ஒன்று இருக்கிறது. நம் வீடுகளிலும் கடைகளிலும் அதைத்தான் யாரும் செய்வதில்லை.

டி டிரைவ் எப்படிக் கைவிடும் என்பதை விண்டோஸ் நிறுவும் திரையில் நேரிலேயே பார்க்கலாம். புதிதாக நிறுவும்போது எங்கே நிறுவுவது என்று கேட்கும் அந்தப் பட்டியலில் சி, டி என்ற எழுத்துகளே இருக்காது. ‘டிரைவ் 0 பார்ட்டிஷன் 1’, ‘டிரைவ் 0 பார்ட்டிஷன் 3’ என்று வரிசையாக நிற்கும். பக்கத்தில் அளவு, காலியிடம் போன்றவை மட்டும் இருக்கும். 250 ஜிபி உள்ள இரண்டு பார்ட்டிஷன்களில் எது கல்யாண ஆல்பம், எது பழைய விண்டோஸ்? நாளுக்குப் பத்து மெஷின் பார்க்கும் கடைப் பையன், மதியச் சாப்பாட்டுக்கு முன் அவசரமாக ஒரு வரி தள்ளி க்ளிக் செய்தால் கதை முடிந்தது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாங்கும் முந்நூறு நானூறு ரூபாயில் அவர் தரும் உத்தரவாதம் மெஷின் ஓடும் என்பது மட்டுமே.

அழிந்தால் ரிக்கவரி செய்துகொள்ளலாம் என்ற தைரியமும் பழைய காலத்தது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் அழித்த கோப்பு, அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை உள்ளேயே கிடக்கும். 2018-இல் பாதிக்கப்பட்டவர்களிடம், கணினியை முடிந்தவரை பயன்படுத்தாதீர்கள் என்று மைக்ரோசாஃப்ட் கேட்டுக்கொண்டதும் இதனால்தான். இன்றைய எஸ்எஸ்டி அப்படி இல்லை. அழித்த இடத்தைக் காலியாகக் கருதி உள்ளுக்குள் துடைத்துவிட, ட்ரிம் என்ற கட்டளை தானாகவே போகிறது. வேகத்துக்கு நல்லது, தவறுதலாக அழித்தவருக்குக் கெட்டது. சென்னை ரிச்சி தெருவில் எவ்வளவு கெட்டிக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாலும், துடைத்த எஸ்எஸ்டியிலிருந்து மீட்பது அபூர்வம்.

இன்னொரு பூட்டு பலருக்குத் தெரியாமலே வீட்டுக்குள் வந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் புதிய லேப்டாப்களில் டிஸ்க் முழுவதும் தானாகவே குறியாக்கம் ஆகிவிடுகிறது. லேப்டாப் திருடு போனால் கோப்புகளைத் திருடனால் படிக்க முடியாது என்பதால் நல்ல ஏற்பாடுதான். ஆனால் விண்டோஸ் 11-க்காக பயாஸை அப்டேட் செய்தாலோ, டிபிஎம் சிப்பின் அமைப்பை மாற்றினாலோ, சில சமயம் நீலத் திரை எழுந்து 48 இலக்க எண்ணைக் கேட்கும். அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். எந்தக் கணக்கு? வாங்கிய அன்று ஷோரூம் பையன் அவசரத்துக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி உருவாக்கி, ஒரு பாஸ்வேர்டு போட்டு, ‘ரெடி சார்’ என்று கையில் கொடுத்தாரே, அந்தக் கணக்கு. அந்த 48 இலக்கங்கள் இல்லாவிட்டால் டிஸ்க்கில் உள்ளதை மைக்ரோசாஃப்டாலும் திறந்து தர முடியாது. கணினியில் எதையும் தொடுவதற்கு முன், செட்டிங்ஸில் குறியாக்கம் இயங்குகிறதா என்று பார்த்து, இயங்கினால் அந்த எண்ணைத் தாளில் எழுதி பீரோவில் வைப்பது கால் மணி நேர வேலை.

பிரதி எடுப்பதிலும் நம் பழக்கம் அரைகுறை. டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் இரண்டையும் பென் டிரைவில் இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பலருக்கு உண்மையான சொத்து டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் கிடக்கிறது. வீட்டிலிருந்தே கணக்கு எழுதுபவர்களின் டாலி தரவு பெரும்பாலும் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டருக்குள் இருப்பதில்லை. அதற்கெனத் தனி ஃபோல்டர் உண்டு. மார்ச் மாதக் கடைசியில் ஆடிட்டர் கேட்கும்போதுதான் அது எங்கே இருந்தது என்று பலர் தேடத் தொடங்குகிறார்கள். அவுட்லுக்கில் பதினைந்து வருட மின்னஞ்சலைச் சேர்த்தவர்களுக்கும் இதே சிக்கல். அது சில கணினிகளில் மறைந்திருக்கும் ஃபோல்டர் ஒன்றுக்குள் ஒரே பெரிய கோப்பாக உட்கார்ந்திருக்கும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னோர் இழப்பும் உண்டு. யூனிகோட் பரவுவதற்கு முன், பாமினி, வானவில், டாப், டாம், டிஸ்கி என்று ஆளுக்கொரு எழுத்துருக் குறியீட்டில்தான் தமிழ்த் தட்டச்சு நடந்தது. டாம், டாப் இரண்டும் 1999-இல் தமிழ்நாடு அரசு நிர்ணயித்த தரங்கள். பாமினி இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழர்களிடமும் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. பாமினியில் அடித்த கடிதத்தை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஏதோ கிறுக்கல் போலத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அதை அழித்தவர்களும் உண்டு. கோப்பு நலமாகத்தான் இருக்கிறது, காணாமல் போனது எழுத்துருதான். பழைய விண்டோஸின் மேலேயே ஏற்றும் அப்கிரேடில் எழுத்துருக்கள் பிழைத்துக்கொள்ளும். ஃபார்மட் அடித்தால், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் என்ற கிடங்கும் சேர்ந்தே போய்விடும். ஓய்வுபெற்ற தமிழாசிரியரின் ஆய்வேடும், கோயில் மலரும், சங்க ஆண்டறிக்கையும் இப்படித்தான் படிக்க முடியாத குப்பையாகின்றன. பேஜ்மேக்கரில் புத்தகம் கட்டிய சிறு பதிப்பாளர்களின் நிலை இதைவிட மோசம். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. அதன் கோப்புகளை இன்டிசைனிலும் சிஎஸ்6 வரையிலான பழைய பதிப்புகள்தான் திறக்கும். இவர்கள் எல்லாம் எழுத்துருக் கோப்புகளையும், நிறுவும் சிடியில் உள்ளதையும் பிரதியோடு சேர்த்து வைக்க வேண்டும். முடிந்தவற்றை யூனிகோடுக்கு மாற்றி, ஒரு பிடிஎஃப்பும் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

‘எல்லாம் கூகுளில் இருக்கிறது’ என்பவர்கள் இன்னொரு வகை. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அதிலும் ஜிமெயிலுக்குப் பங்கு உண்டு. ஒன்டிரைவ் தருவது 5 ஜிபி. ஒரு கல்யாண வீடியோவே அதைத் தாண்டும். நிறைந்துவிட்டால் புதிய கோப்புகள் மேலே ஏறுவது நின்றுவிடும். எச்சரிக்கை வந்தாலும் பெரும்பாலானோர் அதை விளம்பரம் என்று நினைத்து மூடிவிடுவார்கள். தவிரவும் இவை ஒத்திசைவுச் சேவைகள். கணினியில் அழித்தால் மேகத்திலும் அழியும். அதன் குப்பைத்தொட்டியிலிருந்து மீட்கக் கிடைப்பது 30 நாள். இதில் ஒன்டிரைவுக்கு ஒரு வினோதமும் உண்டு. கோப்பின் அருகே மேகப் படம் மட்டும் தெரிந்தால், அந்தக் கோப்பு கணினியில் இல்லை என்று பொருள். இணையம் இல்லாத நேரத்தில் அதைப் பிரதி எடுக்கவும் முடியாது.

டிஜிட்டல் புகைப்படக் கோப்புகளைப் பாதுகாப்பது பற்றி எழுதிய பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர், 3-2-1 என்ற விதியைப் பரப்பினார். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். அந்தக் கடைசி ஒன்றைப் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளம் மூழ்கியபோது, மேசைக்கடியில் இருந்த சிபியுவும், மேசை டிராயரில் இருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் ஒரே தண்ணீரில்தான் கிடந்தன. வசதியுள்ள அரசுகளே இதில் சறுக்குகின்றன. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரத் தரவு மையத்தில் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் சாம்பலாயின. வேறு இடத்தில் அவற்றுக்குப் பிரதியே இல்லை. ஒரு டிஸ்க்கை ஊரில் உள்ள அண்ணன் வீட்டில் வைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

எடுத்த பிரதியைத் திறந்து பார்ப்பது அதைவிட முக்கியம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், இரவு வேலையின் களைப்பில் தவறான சர்வரில் சுமார் 300 ஜிபி தரவை அழித்தார். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன. மீட்கப் போனால் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த பிரதிதான் காப்பாற்றியது. அதை நிறுவனமே வெளிப்படையாகச் சொன்னது, பாராட்ட வேண்டிய விஷயம். வீட்டில் செய்ய வேண்டிய சோதனை எளியது: மூல ஃபோல்டர், பிரதி ஃபோல்டர் இரண்டின் மேலும் வலது க்ளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. பிறகு அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, பழைய படம் ஒன்று, வீடியோ ஒன்று, கணக்குத் தாள் ஒன்று திறப்பது. அதன் பின் டிஸ்க்கின் கேபிளை உருவி எடுத்து வைத்துவிட்டுத்தான் அப்கிரேடைத் தொட வேண்டும். செருகியே விட்டால் அதுவும் நிறுவும் திரையின் பட்டியலில் ஒரு வரியாக வந்து நிற்கும்.

இவ்வளவும் ஆனபின் அப்கிரேட் பெரும்பாலும் சப்பென்று முடிந்துவிடும். விண்டோஸ் அப்டேட் வழியாகப் போனால் கோப்புகளும் மென்பொருள்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம். இந்தப் பத்து நாள் வசதியைப் பேக்கப் என்று நினைக்கக் கூடாது. பழைய விண்டோஸ் அதே டிஸ்க்கில் ஒரு ஃபோல்டராக உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நடுவில் கரண்ட் போனால் வம்பு. யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள், மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்த நாளைத் தவிர்ப்பது புத்திசாலித்தனம்.

‘ஒரிஜினல் எதுக்கு சார், ஆக்டிவேட்டர் போட்டுத் தரேன்’ என்ற கடைக் கரிசனத்தை மறுத்துவிடலாம். ஸ்டாப் என்றும் டிஜேவியு என்றும் அழைக்கப்படும் கோப்புப் பூட்டும் தீநிரல், பல ஆண்டுகளாக வீட்டுக் கணினிகளைத் தாக்கியது பெரும்பாலும் இந்த ஆக்டிவேட்டர், கிராக் வழியாகத்தான். கேட்ட தொகை 980 டாலர். 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதித் தள்ளுபடி. முறையான விண்டோஸ் 10 வைத்திருப்பவருக்கு, கணினி தகுதியானதாக இருந்தால், 11 இலவசம் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

கணினி தகுதியில்லாததாக இருந்தால்? டிபிஎம் 2.0, செக்யூர் பூட், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசசர் என்று மைக்ரோசாஃப்ட் போட்ட கோடு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எண்ணற்ற கணினிகளைக் கிழவர்களாக்கிவிட்டது. எட்டாம் தலைமுறையே 2017-இல்தான் வந்தது. 2011 முதல் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு வழங்கப்பட்ட விலையில்லா லேப்டாப்களில் முதல் சில ஆண்டுகளின் கணினிகளுக்கு இந்தக் கோட்டுக்குள் இடமே இல்லை. இது தொழில்நுட்பத் தேவையைவிட வியாபாரத் தீர்மானமாகத்தான் தெரிகிறது. குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை.

விண்டோஸ் 10-லேயே இருக்க விரும்பும் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்களை நீட்டிக்கும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கட்டணம் 30 டாலர். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினி அமைப்புகளை ஒத்திசைத்தால் கட்டணமே இல்லை. இதற்குப் பதிவுசெய்யும் சுட்டி, செட்டிங்ஸின் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே தோன்றும்படி வைத்தார்கள். பழைய லேப்டாப்பை இன்னும் சில வருடம் ஓட்ட நினைப்பவர்களுக்கு லினக்ஸ் மின்ட் போன்றவை நல்ல வழி. பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்த்து, வைஃபை, ஸ்பீக்கர், பிரின்டர், தமிழ் விசைப்பலகை எல்லாம் ஒத்துழைக்கின்றனவா என்று தெரிந்துகொண்டபின் நிறுவினால் போதும். அப்படி இயக்கும்போதே, எழுந்திருக்க மறுக்கும் விண்டோஸிலிருந்து கோப்புகளை வெளியே எடுக்கவும் அது உதவும், டிஸ்க் குறியாக்கம் ஆகியிருந்தால் அந்த 48 இலக்க எண் கையில் இருக்கும் பட்சத்தில்.